டிக்கெட்டில் இல்லாத மணி நேரங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து திருச்சிக்குப் போய் விமானம் ஏறும் பயணிகளுக்கும், அவர்களை வழியனுப்பி வைக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு மடல்.

திருச்சி விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் நேர்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். பறக்க ஒரு மணி நேரம் என்கிறது டிக்கெட். யாழ்ப்பாணத்துப் பலாலி அதைவிடப் பக்கம், சுமார் 185 கிலோமீட்டர்தான். அதற்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம். கொழும்புக் கட்டுநாயக்கா 420 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அதற்கும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். இந்த எண்களைப் பார்த்துத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள், வேலைக்கு விடுப்புச் சொல்கிறீர்கள், வண்டி பேசுகிறீர்கள். ஆனால் மணமேல்குடியிலோ அறந்தாங்கியிலோ கந்தர்வகோட்டையிலோ வீட்டு வாசல்படி இறங்கிய ஒருவருடைய பயணம் ஒரு மணி நேரத்தில் முடிவதில்லை. வானில் போகும் நேரம் மட்டும் அச்சாகி வருகிறது. தரையில் போகும் நேரத்தை யாரும் உங்களுக்கு எண்ணிக் காட்டுவதில்லை. அதை எண்ணிப் பார்க்கவும், எண்ணிய பிறகு அதைக் குறைக்கும்படி ஒன்றுசேர்ந்து கேட்கவும் இந்த மடல் உங்களை அழைக்கிறது.

முதலில், 185 கிலோமீட்டருக்கும் 420 கிலோமீட்டருக்கும் ஏன் ஏறத்தாழ ஒரே நேரம் ஆகிறது என்பது தெரிய வேண்டும். டிக்கெட்டில் அச்சாகும் நேரம், விமானம் நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்குவதில் ஆரம்பித்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரைக்கும் கணக்கிடப்படுவது. ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவதற்கு வரிசையில் வருவது, இறங்கிய பின் மறுபடி ஊர்வது எல்லாம் அதற்குள் அடக்கம். பலாலிக்குப் பறக்கும் ஏடிஆர் வகைச் சிறு விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். அந்தக் கணக்குப்படி 185 கிலோமீட்டருக்கு 22 நிமிடம் போதும். ஆனால் முழு வேகத்தில் பறக்க அந்த விமானத்துக்கு வாய்ப்பே குறைவு. மேலேறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததுமே குறைந்தபட்சக் கட்டணம் விழுந்துவிடுவது போல, எந்த விமானப் பயணத்திலும் அரை மணி நேரத்துக்கு மேல் இப்படி மாறாத செலவாகப் போய்விடுகிறது. தூரத்துக்கு ஏற்ற நேரம் அதன் மேல்தான் ஏறுகிறது.

சிங்கப்பூரை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். சென்னைத் தூரத்தைப் போலப் பத்து மடங்கு. பறக்கும் நேரமோ நான்கு மணி நேரத்தைச் சுற்றித்தான், அதாவது நான்கு மடங்கு. தூரம் கூடக் கூட விமானத்தின் பலன் கூடுகிறது, குறையக் குறையப் பலனும் குறைகிறது. பக்கத்து ஊருக்குப் பறப்பதில் மிச்சமாகும் நேரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. உங்கள் பயணத்தில் இடத்துக்கு இடம் மாறக்கூடியது தரையில் கழியும் நேரம் ஒன்றுதான்.

புதுக்கோட்டை நகரத்தில் இருப்பவருடைய கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விமான நிலையம் திருச்சி–புதுக்கோட்டைச் சாலையிலேயே இருக்கிறது, புதுக்கோட்டையிலிருந்து 50 கிலோமீட்டருக்கும் குறைவு. கீரனூர், மாத்தூர் தாண்டிப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். உள்நாட்டு விமானம் என்றாலும் ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னதாகப் போயாக வேண்டும். பெட்டி போடும் கவுன்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும் நடைமுறை பொதுவானது. ஏறும் வாசலும் புறப்படுவதற்கு 20, 25 நிமிடம் முன்பே அடைக்கப்படும். பிறகு பறக்கும் ஒரு மணி நேரம். மீனம்பாக்கத்தில் பெட்டி எடுத்து வெளியே வர அரை மணி நேரம். அங்கிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் போக முக்கால் மணி நேரம். கூட்டினால் ஐந்தேகால் மணி நேரம் வருகிறது. இதில் வானில் கழிந்தது ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதே நகரத்தில் விடியற்காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் பிடிப்பவர் ஏறத்தாழ ஆறரை மணி நேரத்தில் எழும்பூரில் இறங்குகிறார். நிலையத்துக்குப் போகும் நேரத்தையும் சேர்த்தால் ஏழு மணி நேரம். விமானத்தில் போனவருக்கு மிச்சமானது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. திருச்சி சந்திப்பு வரை போய், 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் ரயிலைப் பிடித்தால், திருச்சியிலிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். வீட்டிலிருந்து கணக்கிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. விமானத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அரை மணி, முக்கால் மணி நேரம்தான். அந்த வித்தியாசத்துக்காக எவ்வளவு பணம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உண்மையான வித்தியாசம் தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள். ஒரு மணி நேரத்தையும் ஏழு மணி நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவெடுக்காதீர்கள், ஏனென்றால் அவை இரண்டும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டவை அல்ல.

அறந்தாங்கிப் பக்கத்தில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காரைக்குடி–திருவாரூர் அகலப்பாதை 2019-ல் திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் பாலத்தோடு சேர்த்துத் தொடங்கப்பட்ட ராமேஸ்வரம்–தாம்பரம் எக்ஸ்பிரஸ் அறந்தாங்கியில் நின்று போகிறது. சென்னைக்குப் போக வேண்டிய அறந்தாங்கிக்காரர் வேறு திசையில் திருச்சிக்குப் போய், காத்திருந்து, பறந்து, மறுபடி நகரத்துக்குள் வருவதைவிட, ஊரிலேயே ரயில் ஏறி ஒரே மூச்சில் போய்விடலாம். ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போகக்கூடிய ஊர்களுக்கு விமானம் தேவையில்லை என்று பிரான்ஸ் நாடு 2023-ல் சட்டமே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து போர்தோ, நாந்த், லியோன் நகரங்களுக்கு விமானம் விடுவதை அது தடை செய்தது. நம் ரயில்கள் அந்த வேகத்துக்கு இன்னும் வரவில்லை. ஆனாலும் விமானத்தை ரயிலோடு ஒப்பிட்டு, வாசலிலிருந்து வாசலுக்கு அளக்க வேண்டும் என்ற நியாயம் நமக்கும் பொருந்தும்.

இதுவரை சொன்னது நகரத்தின் கணக்கு. கடற்கரை ஊர்களின் கணக்கு வேறு, குறைகளும் அங்கேதான் அதிகம். கோட்டைப்பட்டினத்திலிருந்து திருச்சி விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். அதே கோட்டைப்பட்டினத்திலிருந்து பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணமும் நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர். இரண்டும் சம தூரம். ஆனால் யாழ்ப்பாணம் போக விரும்பும் கோட்டைப்பட்டினத்துக்காரர் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 120 கிலோமீட்டர் சாலையில் வடமேற்கே போக வேண்டும். பிறகு விமானம் ஏறி வந்த திசையிலேயே 185 கிலோமீட்டர் பறக்க வேண்டும். பேருந்து மாறிப் போனால் விமான நிலைய வாசலைத் தொட மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பறக்கும் நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரம், பறக்கும் இடத்துக்குப் போய்ச் சேருவதற்கே செலவாகிறது.

இந்தச் சுற்றை மிகவும் கொடுமையாக அனுபவிப்பவர்கள் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டு, யாழ்ப்பாணத்துச் சிறையில் இருந்து விடுதலையாகிறவர்கள் பெரும்பாலும் கொழும்பு வழியாகத்தான் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சாலையில் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் 640 கிலோமீட்டர். சென்னையிலிருந்து வேனில் மறுபடி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். படகில் நூறு கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கு, 1,400 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வருகிறார்கள். மகனோ கணவனோ சென்னையில் இறங்கிவிட்டான் என்ற செய்தி கேட்ட பிறகும் அந்தக் குடும்பங்கள் ஓர் இரவு முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானம் பறக்கும் காலத்தில் இந்தச் சுற்று ஏன் தொடர வேண்டும் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கடல் குறுக்கே இருக்கும் இடத்தில் குறுந்தூர விமானம் வீண் செலவு ஆகாது. ஸ்காட்லாந்தின் ஓர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்துக்கு ஒழுங்காக விமானம் போகிறது. இரண்டு நிமிடத்தில் இறங்கிவிடும். இடையில் கடல் இருப்பதால் அது தேவையாகிறது. நமக்கும் இலங்கைக்கும் இருந்த தொடர்பும் அப்படி இயல்பாக இருந்ததுதான். 1914-ல் பாம்பன் பாலம் வந்தது முதல் 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது வரை ரயிலும் கப்பலுமாக மக்கள் தலைமன்னாருக்குப் போய் வந்தார்கள். 1947 டிசம்பரில் ஏர் சிலோன் தன் முதல் சேவையையே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத்தான் இயக்கியது. போர் அந்தப் பாதையை மூடியது. பலாலி 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து போன சேவை கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. திருச்சி–யாழ்ப்பாணம் விமானம் 2025 மார்ச் 30-ல் தொடங்கியது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி வந்தது. சுமார் 110 கிலோமீட்டர் கடலை அது ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. மணமேல்குடிக்காரருக்குத் திருச்சியும் எட்டும், நாகப்பட்டினமும் எட்டும். யாழ்ப்பாணம் போக எண்ணுகிறவர்கள் இரண்டு வழியையும் வாசலிலிருந்து வாசலுக்கு எண்ணிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கப்பலுக்கும் விமானத்துக்கும் கால அட்டவணை மாறுவதுண்டு, புறப்படும் வாரத்தில் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களின் குறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மீமிசல், அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், அறந்தாங்கி வட்டாரத்திலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போகிறவர்கள் ஏராளம். திருச்சியின் பன்னாட்டு விமானங்கள் பலவும் நள்ளிரவிலும் விடிவதற்கு முன்பும் புறப்படுபவை. நள்ளிரவு ஒரு மணிக்கு விமானம் என்றால் பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அதற்கு மாலை ஆறு, ஆறரைக்கே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டும். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கரில் பெயரும் ஊரும் எழுதி, வீட்டுத் தராசில் கிலோ பார்த்து, தாயும் தகப்பனும் தம்பி தங்கையும் ஒரே வேனில் ஏறுகிறார்கள். வழியனுப்பி முடித்த பிறகு அந்த நேரத்தில் கடற்கரைக்குத் திரும்பப் பேருந்து கிடைக்காது என்பதால்தான் வேன். அந்த வாடகை விமானக் கட்டணத்தில் சேராது. ஆனால் கடன் வாங்கிப் பிள்ளையை அனுப்பும் வீட்டுக்கு அதுவும் கடனில்தான் சேருகிறது.

இதோடு இரண்டு விஷயங்களில் ஒவ்வொரு வீட்டிலும் கவனம் வேண்டும். 15-ஆம் தேதி 00.30 மணி என்று டிக்கெட்டில் இருந்தால், 14-ஆம் தேதி மாலையே கிளம்ப வேண்டும் என்று பொருள். 15-ஆம் தேதி இரவு போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். அடுத்தது, சேரும் நேரம் அந்த நாட்டு நேரத்தில் அச்சாகியிருக்கும். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகின்றன. துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். இலங்கையில் மட்டும் நம் நேரமேதான். புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்தால் சிங்கப்பூருக்கு ஆறரை மணி நேரம் என்று தப்பாக வரும். முதல் முறை போகும் பிள்ளைக்கு இதைப் பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள். டிராவல்ஸ் நடத்துகிறவர்களும், டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போதே வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய தேதியையும் மணியையும் அதன் மேல் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இந்தத் துன்பத்துக்கெல்லாம் தீர்வாகப் புதுக்கோட்டைக்கே ஒரு விமான நிலையம் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. ஆசையில் தவறில்லை, ஆனால் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. திருச்சி விமான நிலையம் நம் மாவட்ட எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டிய அதன் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டு, ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. இவ்வளவு பக்கத்தில் இன்னொரு ஓடுபாதை போட்டாலும் விமான நிறுவனங்கள் வந்து நிலைக்குமா என்பது சந்தேகம். சேலத்தில் 2018-ல் மீண்டும் தொடங்கிய சென்னை விமானம் 2021-ல் நின்று, 2023-ல்தான் திரும்ப வந்தது. பறக்கும் நேரம் ஏற்கெனவே ஒரு மணி நேரம்தான், அதை எந்தப் புதிய ஓடுபாதையும் குறைத்துவிடாது. குறைக்க முடிந்தது கோட்டைப்பட்டினத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே கழியும் மூன்று மணி நேரம். அதற்குத் தேவை நல்ல பேருந்துதான். பேருந்து விடுவது பல ஆயிரம் கோடி வேலை அல்ல. கேட்டால் கிடைக்கக்கூடியது.

ஆகவே உங்களிடம் கேட்பது மூன்று.

முதலாவது, இனி எந்தப் பயணத்தையும் வாசலிலிருந்து வாசலுக்கு எண்ணுங்கள். சென்னைக்கு என்றால் ரயிலையும் சேர்த்து எண்ணுங்கள். பொன்னமராவதிப் பக்கத்தவர்கள் திருச்சியோடு மதுரை விமான நிலையத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2025-ல் பஞ்சப்பூர் பேருந்து முனையம் வந்த பிறகு திருச்சியில் பேருந்துகளின் வழித்தடங்கள் மாறியிருக்கின்றன. ஏறுமுன் நடத்துநரிடம் விமான நிலையம் வழியாகப் போகுமா என்று கேட்டு ஏறுங்கள்.

இரண்டாவது, உங்கள் ஊரிலிருந்து விமான நிலையம் போனவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்பினார்கள், எத்தனை பேருந்து மாறினார்கள், வேனுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை ஊர் ஜமாத்திலோ, மீனவர் சங்கத்திலோ, மகளிர் குழுவிலோ ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் எழுதினால் போதும். குறையை வாயால் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், நாளும் மணியும் போட்டுக் கொடுத்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, அந்த நோட்டை வைத்துச் சேர்ந்து கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். கோட்டைப்பட்டினத்திலிருந்து மணமேல்குடி, அறந்தாங்கி, புதுக்கோட்டை வழியாக விமான நிலைய வாசல் வரை, இரவு விமானங்களின் நேரத்துக்குப் பொருந்தும்படி, மாலையில் ஒரு பேருந்தும் விடியற்காலையில் திரும்பும் ஒரு பேருந்தும் வேண்டும் என்று தீர்மானத்தில் தெளிவாக எழுதுங்கள். விடுதலையாகும் மீனவர்களைக் கொழும்பு, சென்னை என்று சுற்ற வைக்காமல் பலாலியிலிருந்து திருச்சிக்குக் கொண்டுவர மாநில, மத்திய அரசுகள் பேச வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தீர்மான நகலோடு திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்துக்குப் போய் மனுக் கொடுத்து, எண் வாங்கிக்கொள்ளுங்கள். அதே மனுவை உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கும் அனுப்புங்கள். ஒரு ஊர் கேட்டால் ஒரு மனு. மீமிசல் முதல் கந்தர்வகோட்டை வரை எல்லா ஊரும் ஒரே வாசகத்தில் கேட்டால் அது மாவட்டத்தின் கோரிக்கை. அடுத்த கிராம சபைக்கு முன்பே அந்த வாசகத்தை உங்கள் ஊரில் எழுதி முடித்துவிடுங்கள்.